எத்தனை பிள்ளை என்று கேட்பதை அரசு நிறுத்தட்டும்

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று தம் மாநில மக்களைக் கேட்டுக்கொண்டார். அதை ஒட்டியே, சென்னையில் இந்து சமய அறநிலையத் துறை நடத்திவைத்த 31 இணையரின் திருமண விழாவில் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் 'பதினாறும் பெற்று' என்ற பழைய வாழ்த்துக்குப் புதிய பொருள் தேடிப் பேசினார். தொகுதி மறுவரையறையில் தென்மாநிலங்களின் இடங்கள் குறையும் என்ற அச்சம் அந்தப் பேச்சின் பின்னணி. அந்த அச்சம் நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகச் சிவப்பு முக்கோணத்தைக் காட்டி 'போதும் நிறுத்து' என்ற அரசு, இப்போது 'போதாது, பெறு' என்கிறது. இரண்டு கட்டளைகளும் யாருடைய உடலை நோக்கிப் பேசுகின்றனவோ, அந்தப் பெண்ணிடம் அரசு ஒருநாளும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பிறக்கும் குழந்தை எங்கே உறங்கும்?

பெங்களூருவில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பெறு என்றாலும் நிறுத்து என்றாலும், அரசு தன் விருப்பத்தை ஏழைகளின் வீட்டோடும் நல உதவியோடும் முடிச்சிட்டே நிறைவேற்றப் பார்க்கிறது. அந்த முடிச்சு ஒவ்வொரு முறையும் ஏழைப் பெண்ணின் கழுத்தில்தான் இறுகுகிறது. இன்றைக்கு முடிச்சைத் திசைமாற்றிப் போடுவதைப் பற்றிப் பேசுகிறார்கள். அதை அவிழ்த்தெறிய வேண்டும் என்பது என் வாதம்.

முதலில் ஒரு பொய்யை ஒதுக்கிவைப்போம். 'இலவசங்களை வாரி வழங்கினால் ஏழைகள் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டே போவார்கள்' என்ற கூற்றைப் பேருந்து நிறுத்தத்தில் மட்டுமல்ல, கருத்தரங்குகளின் தேநீர் இடைவேளையிலும் கேட்கிறோம். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) இந்தியாவின் மொத்தக் கருவள விகிதம் 2.0, தமிழ்நாட்டில் 1.8, கர்நாடகத்தில் 1.7. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளத் தேவையான 2.1 என்ற அளவுக்கு மூன்றும் கீழே. எப்போதும் விரல் நீட்டப்படும் முஸ்லிம் சமூகத்தில் 1992-93இல் 4.4 ஆக இருந்த விகிதம் 2.4க்கு வந்துவிட்டது, எந்தச் சமூகத்திலும் இவ்வளவு செங்குத்தான சரிவு இல்லை. கர்நாடகத்தில் மணமான பெண்களில் 57 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு பூஜ்ஜியத்தை ஒட்டியது. இருபதுகளின் நடுவிலேயே பிள்ளைப்பேற்றை முடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரு தலைமுறைப் பெண்களைப் பார்த்துத்தான் 'பெற்றுத் தள்ளுகிறார்கள்' என்கிறோம்.

இந்த நகரத்துக்கு இப்படி எண்ணப்படுவது புதிதன்று. 1930இலேயே மைசூர் சமஸ்தானம் பெங்களூரிலும் மைசூரிலும் அரசு சார்பில் கருத்தடை ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. உலகிலேயே அரசு நடத்திய முதல் நிலையங்கள் என்று அவற்றைக் குறிப்பிடுவர். 1951-52இல் ஐக்கிய நாடுகள் அவையும் இந்திய அரசும் இணைந்து நடத்திய மைசூர் மக்கள்தொகை ஆய்வு பெங்களூரு வீடுகளின் கதவுகளைத் தட்டியது. அன்றிலிருந்து நம் துறை கேட்டுவரும் கேள்விகள் மாறவில்லை. எத்தனை பிள்ளை பெற்றாய்? எத்தனை வேண்டும் என்றிருந்தாய்? எப்போது நிறுத்தினாய்? குடும்ப நல ஆய்வின் வினாப்படிவத்தில் கூரை ஓடா, தகரமா, கான்கிரீட்டா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனால் தரவு நம் கணினிக்கு வந்துசேரும்போது அந்தக் கூரை கரைந்து 'செல்வக் குறியீட்டெண்' என்ற ஒற்றை எண்ணாகிவிடுகிறது. பிள்ளைப்பேறு சார்பு மாறி, வீடு கட்டுப்பாட்டு மாறி. வீட்டைக் கட்டுப்படுத்திவிட்டுப் பிள்ளைப்பேற்றை விளக்க முனையும் நம் பழக்கத்தின் விபரீதம் நமக்கு உறைப்பதில்லை.

அந்தக் கூரைக்கு ஒரு முகவரி தருகிறேன். கோரமங்கலாவில் தேசிய விளையாட்டு கிராமத்துக்குப் பக்கத்திலேயே ஈஜிபுரா. ஒருபுறம், 1997இன் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வீரர்கள் தங்கக் கட்டப்பட்டுப் பின்னர் விற்கப்பட்ட அடுக்ககங்கள். மறுபுறம், பொருளாதாரத்தில் நலிந்தோருக்காக மாநகராட்சி 1990களின் தொடக்கத்தில் கட்டிய குடியிருப்பு. முதலாவது இன்றும் நிற்கிறது. இரண்டாவதன் கட்டடங்கள் 2003இலும் 2007இலும் இடிந்து விழுந்தன. கட்டிப் பதினைந்து ஆண்டுகூட நிற்காத வீட்டை எந்தத் தரத்தில் கட்டியிருப்பார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. மிஞ்சியவர்கள் அங்கேயே தகரக் கொட்டகை போட்டு வாழ்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். தமிழ் பேசுவோர் கணிசமானவர்கள். பிறகு பொதுத்துறை - தனியார் கூட்டு என்ற மந்திரம் வந்தது. ஏறத்தாழ 15 ஏக்கர் பொது நிலத்தில் பாதியில் ஏழைகளுக்கு அடுக்ககம், மறுபாதியில் மேவரிக் ஹோல்டிங்ஸ் நிறுவனத்துக்கு வணிக வளாகம் என்பது ஒப்பந்தத்தின் சாரம். 2013 ஜனவரி 18 தொடங்கி நான்கு நாட்களில் புல்டோசர்கள் அந்த இடத்தைத் தரைமட்டமாக்கின.

வீட்டுவசதி மற்றும் நில உரிமைகள் வலையமைப்பும் மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளையும் இணைந்து செய்த உண்மையறியும் பணியின் மதிப்பீட்டில், வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 5,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 2,000 பேர் குழந்தைகள். அந்த விகிதத்தைக் கவனியுங்கள். ஐவரில் இருவர் குழந்தை. பள்ளித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில், மார்கழிக் குளிர் தணியாத வாரத்தில், நடைபாதைக்குத் துரத்தப்பட்டவர்கள் அவர்கள். மறுகுடியமர்த்தப்பட்ட சிலருக்குக் காட்டப்பட்ட இடம் சர்ஜாபுரம் சாலைக்கு அப்பால் சூளிகுண்டே. கோரமங்கலாவில் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு வேலையும் பிள்ளையின் பள்ளியும் ஒரே நாளில் தொலைவாகிப்போயின. முதலில் ஒதுக்கீடு பெற்றவர்களுக்குப் புதிய வீடு என்ற வாக்குறுதியாவது இருந்தது. அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதுவும் இல்லை.

அப்படி வாடகைச் சந்தைக்குள் தள்ளப்பட்ட குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெங்களூருவின் வழக்கம் பத்து மாத அட்வான்ஸ். 2021இன் மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ஆனால் அது மாநிலங்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் வெறும் மாதிரி. ஆயத்த ஆடை ஆலையில் ஒரு பெண்ணின் மாத ஊதியம் பன்னிரண்டாயிரம் என்று கொள்வோம். ஓர் அறையும் சமையல் மூலையும் கொண்ட வீட்டின் வாடகை ஆறாயிரம் என்றால் அட்வான்ஸ் அறுபதாயிரம்: ஐந்து மாதச் சம்பளம். இரண்டாவது குழந்தை வந்தால் அறை போதாது. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கூடும். அந்தக் கூடுதலுக்கு வட்டிக்கடன். குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை வேலைக்குப் போக முடியாது. அட்வான்ஸ் கட்டவோ வேலைக்குப் போயே ஆக வேண்டும். வீட்டு உரிமையாளர் பெயரைக் கேட்கும் முன்பே 'எத்தனை பேர்?' என்று கேட்கிறார். இவ்வளவும் கூடித்தான் 'இன்னொரு குழந்தை வேண்டாம்' என்ற முடிவாகிறது. அதை நாம் 'விழிப்புணர்வு' என்று பதிவுசெய்துகொள்கிறோம்.

இது என் கற்பனைக் கணக்கு மட்டுமன்று. ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2025இல் வெளியிட்ட அறிக்கைக்காக 14 நாடுகளில் இணையவழிக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. விரும்பிய அளவுக்குக் குழந்தை பெற முடியாமைக்கு இந்தியாவில் 38 விழுக்காட்டினர் பணத் தட்டுப்பாட்டையும், 22 விழுக்காட்டினர் வீட்டுப் பிரச்சினையையும், 21 விழுக்காட்டினர் நிலையற்ற வேலையையும் காரணம் காட்டினர். இணையத்தில் பதில் சொல்லும் வசதி உள்ளவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்றால், ஈஜிபுராவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்?

அரசு கட்டித்தரும் வீடுகள் இருக்கின்றனவே என்பீர்கள். நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கு வரையறுக்கப்பட்ட அளவு 30 சதுர மீட்டர். ஏறத்தாழ 323 சதுர அடி. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள், மாமியார் என்று ஐவர் என்றால் ஆளுக்கு ஆறு சதுர மீட்டர். குடும்பம் பெருகினால் அளவு பெருகாது. பதின்வயது மகளும் மகனும் பாட்டியும் பெற்றோரும் ஒரே அறையில் உறங்க வேண்டிய வீட்டை வரைபடத்தில் வரைந்தவர், இரு குழந்தைச் சட்டத்தைச் செங்கல்லால் நிறைவேற்றிவிட்டார். வீட்டின் அளவு வெறும் பொறியியல் தரவு அன்று, அது மக்கள்தொகைக் கொள்கையும்கூட. கட்டடவியல் துறையினரும் மக்கள்தொகையியல் துறையினரும் ஒரே மேசையில் அமராததால் இது கொள்கை என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

வேலையிடத்தின் நிலை என்ன? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948இன் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது பெண்களுக்கு மேல் உள்ள கட்டுமானத் தளத்திலும் வேண்டும் என்று 1996இன் கட்டடத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக்கிய 2017இன் திருத்தம், மூன்றாவது குழந்தைக்கு அதை 12 வாரமாகவே வைத்தது. மூன்றாவது முறை பிள்ளை பெற்றவளின் தையல் விரைவாக ஆறிவிடும் என்று எந்த மருத்துவ நூல் சொல்கிறது? நாள் ஊதியத்தில் உழலும் பெரும்பான்மைப் பெண்களுக்கோ இந்த விடுப்பு எட்டுவதேயில்லை. 2016 ஏப்ரலில் வருங்கால வைப்பு நிதியை இடையில் எடுக்கக் கட்டுப்பாடு வந்தபோது, பெங்களூருவின் ஆயத்த ஆடைத் தொழிலாளப் பெண்கள் ஓசூர் சாலையை மறித்து இரண்டே நாட்களில் மத்திய அரசைப் பின்வாங்க வைத்தார்கள். பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கும் வீட்டு அட்வான்ஸுக்கும் அவர்கள் நம்பியிருந்த ஒரே சேமிப்பு அந்தப் பி.எஃப். பணம். சமூக வீட்டுவசதி இல்லாத நகரத்தில் அதுவே அவர்களின் வீட்டுவசதித் திட்டம்.

இனி நல உதவிக்கு வருவோம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத மகப்பேற்று உதவி என்று 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்னது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு மட்டும் ஐயாயிரம் என்று சுருக்கியது. 2022இலிருந்து இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் உண்டு. ஆணாக இருந்தால் இல்லை. கர்நாடகத்தின் பாக்கியலட்சுமித் திட்டம் 2006-07இல் தொடங்கியபோது, பெண் குழந்தையின் பெயரில் வைப்புத்தொகை பெற வேண்டுமானால் பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும், குழந்தைகள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. பெண் குழந்தையைப் போற்றும் திட்டத்தின் நுழைவுக் கட்டணம் அவள் தாயின் கருக்குழாய். தந்தை செய்துகொண்டாலும் செல்லும் என்று விதி சொல்லும். எவர் செய்துகொண்டார் என்பதை மேலே சொன்ன 57 விழுக்காடும் பூஜ்ஜியமும் சொல்லும்.

எதிர்வாதத்தின் வலுவான வடிவத்தையே எடுத்துக்கொள்கிறேன். 'அரசின் பணம் அளவுள்ளது. மூன்றாவது, நான்காவது குழந்தைக்கும் கொடுத்தால் பொறுப்பின்மைக்கு ஊக்கம் தருவதாகாதா?' இந்த வாதத்தை ஒரு நாடு முழுவதிலும் சோதித்துப் பார்த்தார்கள். பிரிட்டன் 2017 ஏப்ரல் முதல், அதற்குப் பின் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு உதவித்தொகை இல்லை என்றது. பிறப்பு குறைந்ததா என்று ஆராய்ந்தவர்கள் கண்டது மிகச் சிறிய விளைவே. வறுமையில் வாழும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் கூடியது. இறுதியில் 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில் அந்த வரம்பைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். தண்டனை தாய்க்கு என்று எண்ணி விதித்தது, தான் மூன்றாவதாகப் பிறப்போம் என்று முடிவெடுத்திராத குழந்தையின் தட்டில் விழுந்தது.

பொறுப்பைப் பற்றிப் பேசுவோர் இன்னொன்றையும் பேசட்டும். பழைய வருமான வரி முறையில் வீட்டுக்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு. அதுவும் அரசின் பணம்தான். அதுவும் வீட்டுவசதி மானியம்தான். அதைப் பெற எந்தப் பேராசிரியராவது கருத்தடைச் சான்றிதழ் காட்டினாரா? நடுத்தர வர்க்கத்தின் மானியத்துக்கு 'வரிச்சலுகை' என்று பெயர். ஏழையின் மானியத்துக்கு 'இலவசம்' என்று பெயர். பெயர் மாறும் இடத்தில்தான் நிபந்தனையும் முளைக்கிறது.

இந்த முடிச்சு முற்றிப்போனால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. நெருக்கடி நிலையின்போது தில்லியில் குடிசைகள் இடிக்கப்பட்டன. மறுகுடியேற்றப் பகுதிகளில் மனை பெறவோ, இருக்கும் மனையை முறைப்படுத்திக்கொள்ளவோ கருத்தடைச் சான்றிதழ் கேட்கப்பட்டது. வெல்கம் குடியிருப்பின் அரசுக் கோப்புகளைக் கொண்டு மானிடவியலாளர் எம்மா டார்லோ எழுதிய ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது. தான் செய்துகொள்ள முடியாதவர், வேறொருவரை அறுவைக்கு அழைத்துவந்தாலும் செல்லும். எனவே கொஞ்சம் வசதியுள்ள ஏழை, தன்னைவிட ஏழையின் உடலை விலைக்கு வாங்கித் தன் மனையைக் காத்துக்கொண்டார். 1976-77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அது கொடுங்கோன்மையின் காலம், இன்று அப்படியில்லை என்று தள்ளிவிடலாம். ஆனால் அன்று மனைக்குக் கேட்ட அதே சான்றிதழை, ஜனநாயகம் திரும்பி முப்பது ஆண்டுகள் கழித்து, பாக்கியலட்சுமி பெண் குழந்தையின் வைப்புத்தொகைக்குக் கேட்டது.

எதிர்த்திசையில் திருப்பினால் முடிச்சு நல்லதாகிவிடுமா? தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில் மக்களில் முக்கால் பங்கினருக்கு மேல் அரசு வீடுகளில் வாழ்கிறார்கள். அந்த அரசு 1984இல், கல்வியும் வருமானமும் குறைந்த இளம் தாய்மார்கள் ஓரிரு குழந்தைகளோடு கருத்தடை செய்துகொண்டால், வீடு வாங்கப் பயன்படுத்தக்கூடிய சேமநிதிக் கணக்கில் 10,000 வெள்ளி போடுவதாகச் சொன்னது. பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்கோ பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை தந்தது. மூன்றே ஆண்டுகளில், 1987இல், 'வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்' என்று குரலை மாற்றியது. இன்று வரை சலுகைமேல் சலுகை. 2023இல் கருவள விகிதம் 0.97. கட்டளைக்குப் பணிந்து நிறுத்திய சமூகம் கட்டளைக்குப் பணிந்து பெறுவதில்லை. தென்னிந்திய முதல்வர்கள் கற்க வேண்டிய பாடம் இது.

சட்டத்தின் மொழியில் சொன்னால், உறைவிடம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சமேலி சிங் வழக்கில் கூறியது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற தெரிவு தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று 2009இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் கூறியது. இரண்டும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவிலிருந்தே வருகின்றன. ஓர் உரிமையைப் பெற மற்றோர் உரிமையை அடகு வைக்கச் சொல்லும் திட்டம் எப்படிச் சட்டபூர்வமாகும்? தமிழில் இந்தக் கேள்வியை நீதிமன்றங்களுக்கு வெகுகாலம் முன்பே எழுப்பியவர் பெரியார். மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் உடல்நலத்துக்காகவும் கர்ப்பத்தடையைப் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்று 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அவர் தம் நிலைப்பாட்டைப் பிரித்துக் காட்டினார். அவர் மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் அரசியல், பெண்ணின் கருப்பையை நாடாளுமன்றத் தொகுதிக் கணக்கோடு சேர்க்கும்போது அந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறது.

எனவே கோரிக்கைகள் எளியவை. நல உதவி எதற்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, பிறப்பு வரிசை, பாலினம், கருத்தடைச் சான்று ஆகியவை நிபந்தனையாகக் கூடாது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொன்ன மகப்பேற்று உதவி ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், விலைவாசிக்கு ஏற்ற தொகையாகப் போய்ச்சேர வேண்டும். பொது நிலத்தில் கட்டும் வீடுகள், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து ஒன்று, இரண்டு, மூன்று அறைகளாக அமைய வேண்டும். வேலையிடத்துக்கும் பள்ளிக்கும் அருகில் இருக்க வேண்டும். சொந்தமாக ஒதுக்குவதோடு நில்லாமல், குறைந்த வாடகைக்கு விடும் அரசு வீடுகளும் வேண்டும். ஈஜிபுராவில் முதலில் கைவிடப்பட்டவர்கள் வாடகைதாரர்கள் என்பதை மறக்கலாகாது. வாடகை முன்பணத்துக்குச் சட்ட வரம்பும், குழந்தைக் காப்பக விதிகளை மீறும் ஆலைக்குத் தண்டனையும் வேண்டும். பெண்களின் தலையை எண்ணாமல் மாதம் 2,000 ரூபாய் தரும் கிருஹலட்சுமியைப் போல, பிள்ளைகளை எண்ணாத உதவி சாத்தியம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அதுவும் ஒரு குடும்பத்துக்கு ஒரே பெண் என்று வரையறுத்து, மாமியாருக்கா மருமகளுக்கா என்ற சண்டையை வீட்டுக்குள் விட்டுவைத்திருக்கிறது. குழந்தையைச் சுமக்கும் பெண்ணின் கைக்கே பணம் போக வேண்டும் என்ற எளிய விதியை எழுதுவது அவ்வளவு கடினமன்று.

இவையெல்லாம் நிறைவேறினால் பிறப்பு கூடுமா, குறையுமா? கூடினாலும் குறைந்தாலும் என் கோரிக்கை மாறாது. ஒரு பெண், அட்வான்ஸுக்கும் அறையின் அளவுக்கும் அஞ்சாமல், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவெடுக்க முடிந்ததா என்பதே அளவுகோல்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். அடுத்த முறை களத்துக்கு வினாப்படிவத்தோடு போகும்போது, 'எத்தனை குழந்தைகள்?' என்பதை இருபதாவது கேள்விக்குத் தள்ளிவையுங்கள். கடைசியாக எப்போது வீடு மாறினீர்கள், யார் மாறச் சொன்னார்கள், அட்வான்ஸுக்கு எங்கே கடன் வாங்கினீர்கள், வேலைக்குப் போகும்போது குழந்தையை யாரிடம் விடுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். இருபதாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் அதற்குள் கிடைத்துவிடும்.